சவிரிமுத்துவின் கெண்டைக்கால்

சுவிஸின் சோலோதுர்ன் வட்டாரத்தில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு இன்றைக்கு விசில் ஊதப்போவது சவிரிமுத்து என்று தெரிந்தால், எப்பேர்ப்பட்ட வாய்க்காரப் பயிற்றுநரும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். ஆள் பெரிய உயரமில்லை. முன்வழுக்கை, கொஞ்சம் தொந்தி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஆனால் நடுவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டால் அந்த மனிசனை ஒருத்தராலும் அசைக்க முடியாது.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கத்திக்கொண்டு வருகிற பயிற்றுநரை இடையில் மறிக்கமாட்டார். ஒரு வசனத்தை முழுசாகச் சொல்லவிடுவார். மறித்தால் ஆள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவான் என்பது அவர் பட்டு அறிந்தது. சொல்லி முடித்ததும் “கேட்டுவிட்டேன்” என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிடுவார். ஒருவனுடைய முதுகோடு எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிக்கலாம்? அதற்குப் பிறகும் வாய் திறந்தால் மஞ்சள் அட்டை. இன்னும் துள்ளினால் சிவப்பு. சிவப்பு வாங்கின பயிற்றுநர் கம்பிவேலிக்கு வெளியே போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் சவிரிமுத்து மைதானத்தின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், ஆட்டம் தொடங்காது. பிள்ளைகள் தர்க்கம் பண்ணினால் அட்டையில் கையே வைக்கமாட்டார். அணித்தலைவனைக் கூப்பிட்டு, “உன்ர ஆளுக்குத் தண்ணி குடுத்துக் கூட்டிக்கொண்டு வா” என்று சொல்லி அனுப்புவார்.

இவ்வளவும் தெரிந்த மனிசன் ஒரு காலத்தில் வேலிக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தவர் என்றால் நம்புவீர்களோ? மகள் மெலானி சின்னப் பிள்ளையாக இங்கத்தைய உள்ளூர்க் கழகத்தில் ஆடியபோது, அரை ஜேர்மனிலும் முழுத் தமிழிலும் சவிரிமுத்து கத்தாத ஞாயிறு இல்லை. ஒவ்வொரு கழகமும் தன் பங்குக்கு நடுவர்களைக் கொடுத்தாகவேண்டும் என்பது இந்த நாட்டு ஒழுங்கு. அந்தக் கழகத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. செயலாளர் அம்மா ஒருநாள் அவரிடம் நேரே வந்து, “உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, நீயே போய் ஊதேன்” என்று சொல்லிவிட்டார். சவிரிமுத்துவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. போய்ப் பெயர் பதிந்தார். ஜேர்மனில் சட்டம் படித்தார், ஓட்டப் பரீட்சையில் நாக்குத் தள்ள ஓடினார், முதல்தரம் கோட்டைவிட்டார், அடுத்ததரம் பிடித்தார். மெலானி ஆடுவதை விட்டுவிட்டாள். அப்பா விடவில்லை.

ஒருதரம் ஒரு சுவிஸ் பயிற்றுநர், “உன்ர நாட்டில இப்படித்தான் ஊதுவாங்களோ?” என்று கேட்டான். சவிரிமுத்து வழக்கம்போல வசனத்தை முழுசாகக் கேட்டார், நேரே சிவப்பைக் காட்டினார். ஆட்டம் முடிந்ததும் அதே மனிசன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து மன்னிப்புக் கேட்டு, ஒரு பியரும் வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி றஞ்சினிக்கு அதைச் சொன்னபோது சவிரிமுத்துவின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆள் மிதந்துகொண்டு திரிந்தார்.

ஆனால் மனதுக்குள் ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. கோடையில் எங்கள் சனம் நடத்துகிற இளையோர் சுற்றுப்போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு அவர் ஒருக்காலும் ஊதியதில்லை. காலையில், பனி ஈரம் காயமுன்னர், சின்னப் பிள்ளைகளின் முதற்சுற்று ஆட்டங்களுக்கு “சவிரி, கொஞ்சம் பாரும்” என்பார்கள். வெயில் ஏறி, கொத்துறொட்டிக் கூடாரத்தில் தட்டுகிற சத்தம் கிளம்பி, சனம் கூடினதும் சவிரிமுத்துவுக்கு ஓய்வு. இறுதி ஆட்டத்துக்கு எப்பவும் வெள்ளைக்காரன்தான். ஏனென்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவார்கள்: “தமிழன் ஊதினா எங்கட சனம் கேளாது. வெள்ளை ஊதினா வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்.” இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள் வேறு! எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். சவிரிமுத்துவுக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த வருசம் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் வரதராசா தானாகவே தொலைபேசி எடுத்தார்.

“சவிரி, இந்தமுறை பைனலுக்கு நீர்தான். செமி ஒண்டையும் நீரே ஊதும். குழுவில கதைச்சாச்சு.”

“உண்மையாவோ அண்ணை?”

“நான் என்ன பகிடியோ விடுறன்? எத்தினை நாளைக்கு வெள்ளையளைக் கூப்பிடுறது? எங்கட ஆள் ஒருத்தர் லைசென்ஸோட இருக்கேக்க.”

சவிரிமுத்து புது உடுப்பு வாங்கினார், காலணியை மினுக்கினார். தான் ஊதுவதை ஒருபோதும் வந்து பார்த்திராத றஞ்சினியையும், வேலைக்குப் போகிற பெரிய பெண்ணாகிவிட்ட மெலானியையும் கட்டாயம் வரச்சொன்னார். சுவிஸ்காரர் ஆயிரம் பேர் “நல்லா ஊதினாய்” என்று சொல்லியிருக்கலாம். தன்னுடைய சனத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியில் தன்னுடைய பெயரைத் தமிழில் சொல்ல, ஒரு இறுதி ஆட்டத்தை ஊதவேண்டும். அந்த மனிசனுடைய ஆசை அவ்வளவுதான்.

அரையிறுதி வளர்மதிக் கழகத்துக்கும் விடிவெள்ளிக் கழகத்துக்கும். வளர்மதியின் பயிற்றுநர் குணசேகரம். சவிரிமுத்துவை விட இளையவர், லுசேர்ணில் ஒரு ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர், நல்ல உழைப்பாளி, நல்ல வாய். அவருடைய மகன் திலக்சன்தான் அணித்தலைவன். பக்கத்து மைதானத்தில் மற்ற அரையிறுதிக்கு ஊதினவர் கூர் நகரில் இருந்து வந்த றெட்டோ. இளம் சுவிஸ் நடுவர், தகுதிப்படி பார்த்தால் சவிரிமுத்துவுக்கு ஒரு படி கீழே.

தொடக்கத்தில் இருந்தே குணசேகரத்தின் வாய் ஓயவில்லை. “அண்ணை, அது எங்கட பந்து!” “அண்ணை, கண்ணாடி போடுங்கோ!” சவிரிமுத்து கேட்டார், முதுகைக் காட்டினார். பிறகு ஒரு மஞ்சள் காட்டினார். மஞ்சளைக் கண்டதும் குணசேகரம் சனத்தின் பக்கம் திரும்பிக் கையை விரித்துச் சிரித்தார். சனமும் சிரித்தது. சுவிஸ்காரரின் ஆட்டத்தில் மஞ்சள் காட்டினால் ஒருத்தரும் சிரிப்பதில்லை. சவிரிமுத்துவுக்கு அது சுட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஆளுக்கொரு கோலோடு சமமாக ஆட்டம் முடியப்போகிற நேரம். விடிவெள்ளிப் பெடியன் அடித்த பந்து, காப்பாளனையும் தாண்டிக் கோலுக்குள் போகிறது. கோட்டில் நின்ற திலக்சன் பாய்ந்து இரண்டு கையாலும் தட்டிவிட்டான். மறைப்பில்லை, சந்தேகமில்லை. கொத்துறொட்டி வாங்க வரிசையில் நின்றவர்கள்கூடக் கண்டார்கள். சவிரிமுத்து விசிலை ஊதிப் பெனால்டி இடத்தைக் காட்டினார். சட்டைப்பையில் இருந்து சிவப்பை எடுத்துத் திலக்சனுக்குக் காட்டினார்.

செய்தது திலக்சனுக்கே தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்கத் தொடங்கினான்.

“நில்லடா அங்க!” குணசேகரம் மைதானத்துக்குள் பாய்ந்து வந்தார். “ஆர் உன்னைப் போகச் சொன்னது? நில்!”

பிள்ளை நின்றான். அப்பனையும் பார்த்தான், நடுவரையும் பார்த்தான்.

சவிரிமுத்து தன்னுடைய முறைப்படியே செய்தார். குணசேகரத்தை ஒரு வசனம் சொல்லவிட்டார். அது ஒரு வசனத்தில் முடிகிற வாயா?

“அண்ணை, என்ன விளையாட்டுக் காட்டுறியள்? பெனால்டி குடுத்தா குடுத்திட்டுப் போங்கோ, பெடியனுக்கு என்னத்துக்குச் சிவப்பு? பைனலுக்கு அவன் இல்லாமல் நாங்கள் என்ன செய்யிறது? அங்கால நிக்கிறது மன்னார்ப் பெடியள், உங்கட ஊர் ஆக்கள். அதுதானே விசயம்? வெளிப்படையாவே சொல்லுங்கோவன்!”

“கேட்டிட்டன்” என்றார் சவிரிமுத்து. திரும்பி நடந்தார். குணசேகரம் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். சவிரிமுத்து நின்றார், பிடித்த கையைப் பார்த்தார், சிவப்பு அட்டையைக் குணசேகரத்துக்கும் காட்டினார்.

அவ்வளவுதான். வேலிக்கு வெளியே நின்ற தகப்பன்மார், மாமன்மார், கழகக்காரர் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். “உவருக்கு ஆர் விசில் குடுத்தது?” என்று ஒருவர். “வெள்ளையளிட்டப் படிச்சிட்டு எங்களுக்குச் சட்டம் காட்டுறார்” என்று இன்னொருவர். “முதியோர் இல்லத்துக் கிழடுகளுக்குப் போய்க் காட்டச் சொல்லு” என்று பின்னால் நின்று ஒரு குரல். பின்னால் நின்று கத்துகிறவனுக்கு எப்பவும் நாக்கு நீளம். சவிரிமுத்து நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குணசேகரம் வெளியே போகும்வரை ஆட்டம் தொடங்காது. இதைத்தான் எங்கும் செய்திருக்கிறார், எங்கும் பலித்திருக்கிறது.

வரதராசா வந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் குணசேகரத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சவிரிமுத்துவைத் தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“சவிரி, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம். பெனால்டி இருக்கட்டும். பெடியனுக்குக் காட்டினதை மட்டும் மஞ்சளா மாத்திவிடும். பிரச்சினை முடிஞ்சுது.”

“அண்ணை, அது மாத்தேலாது. கோல் போற பந்து. சட்டம் அது.”

“சட்டம் எனக்கும் தெரியும். இது எங்கட வீட்டுப் போட்டி. பிள்ளையள் சந்தோசமா விளையாட வந்ததுகள். கொஞ்சம் விட்டுக் குடும். உமக்குப் பைனலும் இருக்கெல்லோ, அதையும் யோசியும்.”

பைனல்! அதைக் காட்டித்தான் கேட்டார் மனிசன். சவிரிமுத்து வேலிப்பக்கம் பார்த்தார். றஞ்சினி குடையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். மெலானி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அட்டை, மஞ்சளாக மாற்றினால் முடிந்தது. அடுத்த மணித்தியாலம் ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் வரும். அவர் கொஞ்சநேரம் யோசித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆசை லேசான ஆசையில்லை.

“ஏலாது அண்ணை” என்றார். “பிள்ளை தானே தெரிஞ்சு வெளியால போகுது. தகப்பன்தான் மறிக்கிறார்.”

வரதராசாவின் கை தோளில் இருந்து இறங்கியது. “அப்ப நாங்கள் ஒண்டும் செய்யேலாது” என்றார். திரும்பி ஒருவரைக் கூப்பிட்டு, “அந்த றெட்டோவைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார்.

றெட்டோ தன்னுடைய ஆட்டத்தை முடித்துக்கொண்டு கூடாரத்தில் மீன் ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றவர். வாயைத் துடைத்தபடி ஓடி வந்தார். அவர் வரக் கண்டதும் மைதானத்துக்குள் நின்ற சனம், ஒருத்தரும் சொல்லாமலே, தன்பாட்டில் கோட்டுக்கு வெளியே பின்வாங்கியது. சத்தம் அடங்கியது. சற்று முன்னர் கிழடு என்று கத்தின வாயும் மூடிக்கொண்டது.

“என்ன நடந்தது?” என்று றெட்டோ ஜேர்மனில் சவிரிமுத்துவைக் கேட்டார்.

எல்லாரும் சவிரிமுத்துவின் வாயைப் பார்த்தார்கள். வரதராசாவின் முகம் வெளிறிவிட்டது. இந்த மைதானம் சுவிஸ் கழகத்தினுடையது. எங்கள் சனம் சொந்த நடுவரைத் துரத்தியது என்று றெட்டோ போய் ஒரு இடத்தில் சொன்னால், வருகிற வருசம் மைதானம் கிடைக்குமோ தெரியாது. தமிழர் என்றால் இப்படித்தான் என்று நாலு பேர் கதைப்பார்கள். சவிரிமுத்து இந்த நாட்டில் காலடி வைத்த நாள் தொட்டுப் பழகின பழக்கம் ஒன்று உண்டு. எங்களுக்குள் எதுவும் நடக்கலாம், சுவிஸ்காரனுக்கு அது தெரியக்கூடாது. நாங்கள் எல்லாரும் அப்படிப் பழகினவர்கள்தான். வேலையிடத்தில் எங்கள் ஆள் ஒருவன் பிழை விட்டால் மற்றவன் போர்த்து மூடுவான். நல்ல பழக்கமோ கெட்ட பழக்கமோ, அது எலும்புக்குள் ஊறிப்போய்க் கிடக்கிறது.

“கெண்டைக்கால்” என்றார் சவிரிமுத்து. குனிந்து வலது காலைப் பிடித்தார். “பிடிச்சிட்டுது. என்னால ஓடேலாது.”

“அச்சோ” என்றார் றெட்டோ. “உன்ர தீர்ப்பு என்ன?”

“கோட்டில் கையால் தட்டினான். பெனால்டி. பன்னிரண்டாம் இலக்கத்துக்குச் சிவப்பு.” குணசேகரத்துக்குக் காட்டின சிவப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“சரிதானே. வேறென்ன காட்டலாம்?” என்றார் றெட்டோ. நேரே போய்த் திலக்சனுக்கு முன்னால் நின்று சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அதே சிவப்பு. அதே பிள்ளைக்கு. குணசேகரம் என்ன செய்தார் தெரியுமோ? “ஓகே, ஷிரி, ஓகே. பிரச்சினையில்லை” என்று, சுவிஸ்காரர் நடுவரைக் கூப்பிடுகிற சொல்லாலேயே கூப்பிட்டு ஜேர்மனில் சொல்லி, றெட்டோவின் கையைக் குலுக்கினார். மகனைத் தோளில் அணைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனார். சனம் கைதட்டியது. பெனால்டி கோலாகியது, வளர்மதி தோற்றது, ஒரு குஞ்சும் கத்தவில்லை.

சவிரிமுத்து நொண்டினார். மைதானத்தின் நடுவில் இருந்து வேலிவரைக்கும், எல்லாரும் பார்த்திருக்க, இல்லாத நோவுக்கு நொண்டிக்கொண்டு போனார். வேறு என்ன செய்வது, சொன்ன பொய்யை நடந்து காட்டத்தானே வேண்டும். ஒலிபெருக்கியில், “காயம் காரணமாக விலகிச் செல்லும் எமது மதிப்புக்குரிய நடுவர் சவிரிமுத்து அவர்களுக்குப் பலத்த கரகோசம்” என்று அறிவித்தார்கள். அவர் ஆசைப்பட்டபடியே பெயர் தமிழில் வந்தது. நான் அந்த அறிவிப்பாளனைச் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

றஞ்சினி ஒரு பையில் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். குந்தி, அவருடைய நீளக் காலுறையை இறக்கிக் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

“காலில ஒண்டுமில்லை” என்றாள்.

“மெல்லமாக் கதை.”

“துரத்திவிட்டாங்கள். அதை அவனுக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. எனக்கு முன்னாலயுமோ நொண்டுறியள்?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தச் சனத்துக்காகவோ?”

அவர் ஐஸைக் காலில் வைத்து அழுத்திக்கொண்டார். மெலானி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இறுதி ஆட்டத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பால் கோடுகளைத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் குணசேகரம் வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் சூடான கொத்துறொட்டி. தட்டைச் சவிரிமுத்துவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“அண்ணை, மனசில ஒண்டும் வச்சிருக்காதேங்கோ. நீங்கள் எங்கட ஆள் எண்டபடியாத்தானே உரிமையோட கதைச்சனான். அவன் வெள்ளைக்காரன், அவனோட எனக்கென்ன கதை? உங்களோட எண்டா சண்டையும் பிடிக்கலாம், பிறகு சேர்ந்து சாப்பிடவும் செய்யலாம். சொந்தம் எண்டா அப்படித்தானே?”

அந்த மனிசன் அதை மனதாரச் சொன்னார். அதுதான் பெரிய கொடுமை. நடிப்பென்றால் சவிரிமுத்து தாங்கியிருப்பார். உரிமையாம்! கையைப் பிடித்து இழுத்தது உரிமை, உங்கட ஆக்கள் என்று பழி போட்டது உரிமை, றெட்டோவின் கையைக் குலுக்கினது மட்டும் ஒழுக்கம். ஒரு சொல் சொன்னால் பிறகு ஒன்பது சொல் வரும் என்று பயந்து, சவிரிமுத்து ஐஸ் பையை எறிந்துவிட்டு எழும்பினார். தட்டைத் தொடவில்லை. உடுப்பு மாற்றுகிற அறையை நோக்கி விறுவிறு என்று நடந்தார்.

அறை வாசலில் றெட்டோ, பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறுதி ஆட்டத்துக்கு வெளியே வந்துகொண்டிருந்தார். சவிரிமுத்து வருகிற வேகத்தைக் கண்டார். அவருடைய கண் காலுக்கு இறங்கியது. ஒருக்கால் வலது காலைப் பார்த்தார், ஒருக்கால் இடது காலைப் பார்த்தார். சவிரிமுத்து அப்போதுதான் தன்னை உணர்ந்து நின்றார். இனி நொண்டிப் பயனில்லை.

றெட்டோ அங்குமிங்கும் பார்த்துவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். நல்ல பிள்ளை. முகத்தில் ஒரு ஏளனமும் இல்லை.

“காலில் ஒன்றுமில்லை, என்ன?” என்றார். “நான் தூரத்தில் இருந்து பார்த்தனான். அத்தனை பேர் உன்னைச் சுற்றி வந்தார்கள். நீ பயந்துவிட்டாய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் ஒருதரம் நடந்தது. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.”

சவிரிமுத்து வாயைத் திறந்தார். தன் வாழ்நாளில் ஒரு பயிற்றுநருக்கும் பயந்ததில்லை. அதைச் சொல்லவேண்டுமென்றால் மற்றதையும், தன்னுடைய சனமே தன்னைத் துரத்தினதையும் சொல்லவேண்டும். றெட்டோவுக்குப் பின்னால், கோட்டோரமாக, வரதராசாவும் குழுக்காரரும் நின்று இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓம்” என்றார் சவிரிமுத்து, ஜேர்மனில். “பயந்துவிட்டேன்.”

றெட்டோ அவருடைய முதுகில் மெல்லத் தட்டிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்குப் போனார்.